ஒரு பத்திக்கு முந்நூறு புள்ளி

எங்கள் பத்திரிகை ஆபீஸில் அவருக்கு ‘முந்நூறு’ என்று பெயர். வைத்தவன் நான். முதுகுக்குப் பின்னால் சொல்லிக்கொண்டிருந்தது ஒரு நாள் வாய்தவறி முகத்துக்கு நேராகவே வந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை. “முந்நூத்துப் பதினஞ்சு தம்பி. சொல்றதுதான் சொல்ற, சரியாச் சொல்லு” என்றார். அப்படிப்பட்ட மனுஷி.

எங்களுடையது மாலைப் பத்திரிகை. மதியம் ஒன்றரை மணிக்குப் பக்கங்கள் அச்சுக்கூடத்துக்கு இறங்கிவிட வேண்டும். நான் பக்கங்களை வடிவமைக்கிறவன், பதினாறு வருஷ சர்வீஸ். அவர் அடுத்த மேஜை. வரி விளம்பரம் வாங்கி எழுதும் வேலைக்கு வந்தவர், கேட்டு, கெஞ்சி, கடைசியில் நச்சரித்துப் படப்பிரிவுக்கு மாறிக்கொண்டார். வருகிற போட்டோக்களை ஸ்கேன் செய்து, அளவுக்கு வெட்டி என்னிடம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அது போதாதென்று ஐந்தாம் பக்கத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டார். தூக்கிக் கொடுத்தால்கூட யாரும் தொடாத பக்கம் அது.

அந்தப் பக்கத்தின் இடது ஓரத்தில் ‘இவரைத் தெரியுமா?’ என்று ஒரு பகுதி உண்டு. வெளியூர் ஆஸ்பத்திரிகளில் பேர் ஊர் சொல்ல முடியாமல் கிடப்பவர்களின் படங்கள் அதில் வரும். ஒரு படம் ஒரு பத்தி அகலம், அதாவது நாலு சென்டிமீட்டர். போலீஸ் ஸ்டேஷன்களிலிருந்து ஃபேக்ஸில் அனுப்புவார்கள். ஃபேக்ஸில் வந்த முகம் எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மைக்கறை, வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு. எந்த வீட்டு ஆளாகவும் இருக்கலாம். நானும் கூச்சமே இல்லாமல் அதை எடுத்துப் பக்கத்தில் வைப்பேன். இடம் நிரம்பினால் சரி என்பது அன்றைக்கு என் கொள்கை. இத்தனை வருஷத்தில் அந்தப் படங்களைப் பார்த்து ஒரு குடும்பம்கூடத் தேடி வந்ததில்லை.

அந்தப் பக்கத்தை ஏன் கட்டிக்கொண்டு அழுகிறார் என்று ஒரு முறைதான் கேட்டேன். ஸ்கேலைத் துடைத்துக்கொண்டே சொன்னார். அவருடைய அண்ணன் வெளியூரில் வேலை செய்துகொண்டிருந்தபோது லாரியிலிருந்து விழுந்துவிட்டார். நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். படம் எங்கள் பத்திரிகையில்தான் வந்தது. அன்றைக்குச் சாயந்திரம் வீட்டில் எல்லாரும் அந்தப் பத்திரிகையைப் படித்திருக்கிறார்கள். “நான்தான் முதல்ல பார்த்தேன். பாவம் யாரோன்னு சொல்லிட்டு அடுத்த பக்கம் போய்ட்டேன். அதுக்கப்புறம் பதினோரு நாள் உசிரோட இருந்திருக்கான் தம்பி.” அது பதினாலு வருஷத்துக்கு முந்தைய கதை. அந்தப் பக்கத்தை வடிவமைத்தது நான்தானா என்று தெரிந்துகொள்ளத் தேதியைக் கேட்டிருக்கலாம். எனக்குத் தைரியம் வரவில்லை.

டிஜிட்டல் கேமரா வாங்கலாம் என்று முதலாளி முடிவெடுத்தது நான் அப்படிக் கேட்டதற்கு அடுத்த வருஷம். எங்கள் தலைமைப் புகைப்படக்காரரை எல்லாரும் போட்டோ அண்ணன் என்போம். நல்ல மனிதர், ஆனால் கேமரா விஷயத்தில் சின்னப் பிள்ளை. கடைக்காரர் ஒருவர் ஆறு மெகாபிக்சல் கேமராவைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்ததும் அண்ணனுக்குக் கண் கலங்காத குறை. கடைக்காரர் ஆறு, ஆறு என்று மூச்சுக்கு மூச்சு சொன்னார். முதலாளிக்கும் எண்ணிக்கை என்றால் பிடிக்கும். போட்டிப் பத்திரிகைக்காரன் அஞ்சுதான் வைத்திருக்கிறானாம்.

முந்நூறு தன் ஸ்கேலோடு உள்ளே நுழைந்தார். யாரும் கூப்பிடவில்லை.

“சார், இந்தக் கேமராவுல எடுத்தா படத்துக்குக் குறுக்கால எத்தனை புள்ளி இருக்கும்?”

“மூவாயிரம் மேடம்” என்றார் கடைக்காரர் பெருமையாக.

“நம்ம மிஷின் ஒரு பத்தி அகலத்துக்கு நூத்தைம்பது சொச்சம் மைப்புள்ளிதான் வைக்கும். படத்துல அதுக்கு ரெண்டு மடங்கு இருந்தா போதும். பத்திக்கு முந்நூத்துப் பதினஞ்சு. அதுக்கு மேல கொடுத்தா காகிதம் வாங்காது. முழுப் பக்கம் எட்டுப் பத்தி, அதுக்கு ரெண்டாயிரத்து ஐந்நூறு.” அன்றைய பத்திரிகையை மேஜையில் விரித்து, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஸ்கேலை நகர்த்தினார். “உங்க மூவாயிரத்தைப் போடுற அளவுக்கு நம்ம பேப்பரே அகலம் இல்லை சார்.”

முதலாளி சிரித்துவிட்டார். அதுதான் சமயம் என்று முந்நூறு தன் மனதில் இருந்ததைக் கொட்டினார். அந்த ஒரு கேமராவின் விலைக்கு மூன்று மெகாபிக்சல் கேமரா ஆறு வாங்கலாம். ஆறையும் ஆறு வெளியூர் நிருபர்களுக்குக் கொடுக்கலாம். மூன்று மெகாபிக்சல் ஆறு பத்திவரை தாங்கும், அதைவிடப் பெரிய படம் வருஷத்தில் நாலு தடவை போட்டால் அதிகம். முக்கியமாக, ஐந்தாம் பக்கத்துக்கு ஃபேக்ஸை நம்பிக் கிடக்க வேண்டாம்.

“கணக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு. எனக்குக் கண்ணால பார்க்கணும்” என்றார் முதலாளி.

முந்நூறு பார்க்க வைத்தார். முதலாளியின் மருமகனிடம் ஒரு மூன்று மெகாபிக்சல் கேமரா இருந்தது. கடைக்காரர் பெரியதை இரண்டு நாளைக்கு விட்டுப் போயிருந்தார். ஆபீஸ் ஆட்கள் நாற்பது பேரையும் கட்டடத்துக்கு முன்னால் நிறுத்தி, ஒரே இடத்திலிருந்து இரண்டு கேமராவிலும் போட்டோ அண்ணனையே எடுக்கச் சொன்னார். இரண்டையும் நாலு பத்தி அகலத்தில் மேலும் கீழுமாக ஒரே பக்கத்தில் வைத்து, எங்கள் காகிதத்தில், எங்கள் மிஷினில் ஐம்பது பிரதி ஓட்டினோம். எது எதில் எடுத்தது என்று எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும்.

போட்டோ அண்ணன் பூதக்கண்ணாடி வைத்துப் பத்து நிமிஷம் பார்த்தார். பிறகு கீழே இருந்ததைத் தொட்டு, “இதுதான் ஆறு. பார்த்தாலே தெரியலையா?” என்றார். அது மருமகன் கேமரா.

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அண்ணன் முகம் சிவந்துவிட்டது. ஆனால் அவர் சும்மா போகிற ஆள் இல்லை. “சரிம்மா. உனக்கு வேண்டியது முகம்தானே? இதுல ஓரத்துல நிக்கிற ஃபோர்மேன் முகத்தை மட்டும் வெட்டி ஒரு பத்தியில போடு, பார்க்கலாம்” என்றார். நியாயமான கேள்வி.

வெட்டினோம். சின்னக் கேமராவின் படத்தில் ஃபோர்மேன் முகத்துக்குக் கிடைத்தது மொத்தமே நாற்பத்தைந்து புள்ளி. ஒரு பத்திக்கு இழுத்ததும் கட்டம் கட்டமாக உடைந்துவிட்டது. அச்சுக்கூடத்திலிருந்து வந்து எட்டிப் பார்த்த ஃபோர்மேன், “இது நானா? என் மீசை எங்க?” என்றார். மூக்குக்குக் கீழே பாதி முகத்தை மறைக்கிற மீசை அது. படத்தில் ஒரு நிழல்கூட இல்லை.

முந்நூறின் முகம் தொங்கிப்போயிற்று. நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. பெரிய கேமராவின் படத்திலும் அதே முகத்தை வெட்டினார். அறுபத்தாறு புள்ளி. அதிலும் மீசை இல்லை. அதையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு சின்னக் கேமராவை எடுத்துக்கொண்டு அச்சுக்கூடத்துக்கு இறங்கி, ஃபோர்மேனிடமிருந்து மூன்றடி தள்ளி நின்று ஒரே ஒரு படம் எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு பத்தியில் அச்சாகி வந்தபோது மீசை முடியை எண்ணிவிடலாம் போல இருந்தது. இடது ஓரத்தில் நரைத்திருந்ததுகூடத் தெரிந்தது. ஃபோர்மேனுக்கு அதில் வருத்தம்தான்.

மூன்று படங்களையும் கொண்டுபோய் முதலாளியின் மேஜையில் வைத்தார். “என் கணக்குல பாதி தப்பு சார். புள்ளி எத்தனைன்னு மட்டும் பார்த்தேன், முகத்துமேல எத்தனை விழுதுன்னு பார்க்கலை. கேமராவை மாத்துனா மீசை வராது. எடுக்கிற ஆளு கிட்டப் போகணும். அதுக்கு ஊர் ஊருக்கு ஆள் வேணும், ஆள் கையில கேமரா வேணும்.”

முதலாளி நாற்காலியில் சாய்ந்து யோசித்தார். “ஏம்மா, அந்தப் பகுதியையே எடுத்துடலாம்னு நினைச்சிட்டிருந்தேன். மெத்தைக்கடைக்காரர் அந்த இடத்தை வருஷம் பூரா கேக்குறார். இத்தனை வருஷத்துல ஒருத்தர் வந்திருக்காங்களா?”

“முகமே இல்லாத படத்தைப் பார்த்து யாரு சார் வருவாங்க?”

“சரி. ஆறு கேமரா வாங்கித் தரேன். மூணு மாசம். ஒரே ஒரு குடும்பம் வரட்டும். வரலைன்னா இடம் மெத்தைக்கு. நீ பழையபடி வரி விளம்பரத்துக்கு.”

“சரி சார்” என்றார் அவர். கொஞ்சம்கூடத் தயங்கவில்லை.

கேமராக்கள் போய்ச் சேர்ந்த முதல் வாரமே படங்கள் தபதபவென்று வந்தன. எல்லாம் தபால் தலை அளவு. என்ன நடந்தது என்றால், எங்கள் நிருபர்கள் அத்தனை பேரும் சொல்லி வைத்தாற்போல் கேமராவில் அளவைச் சின்னதிலும் சின்னதாக வைத்துவிட்டார்கள். பெரிய அளவில் எடுத்தால் கேமராவின் மெமரி அட்டையில் முப்பது படம்தான் பிடிக்கும், சின்ன அளவில் முந்நூறு பிடிக்கும். முந்நூறு என்றால் லாபம்தானே? போதாததற்குப் பிரவுசிங் சென்டரிலிருந்து அனுப்பும்போது சின்னப் படம் சட்டென்று போய்விடும். கேமராவின் குட்டித் திரையில் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை.

முந்நூறு போனில் கத்திப் பார்த்தார். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறினார். ஆறு ஊர், ஆறு ஞாயிறு. ஒவ்வொரு கேமராவிலும் அளவைப் பெரியதில் வைத்து, அந்தப் பொத்தான்மேல் ஒரு சொட்டு நகப்பூச்சு விட்டுக் காயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். சிவப்பைத் தொட்டால் தொலைந்தீர்கள் என்று அர்த்தம். பிறகு நிருபரை எழுப்பி நிறுத்தி, ஆளிடமிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்று கைகாட்டினார். நீட்டிய கை படுக்கையில் இருப்பவரின் தோளைத் தொட வேண்டும். ஐந்து பேர் கேட்டுக்கொண்டார்கள். ஆறாவது ஆள் செருப்புக்கடைக்காரர். கடைதான் தொழில், நிருபர் வேலை அந்தஸ்துக்கு. “மேடம், இருபது வருஷமா செய்தி அனுப்புறேன். நான் பார்த்துக்கறேன்” என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார். மறுநாளே நகப்பூச்சைச் சுரண்டிவிட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஐந்தாம் பக்கத்தில் நல்ல முகங்கள் வரத் தொடங்கின. பார்த்தால் நம்மைத் திரும்பிப் பார்க்கிற முகங்கள். முதல் மாதம் இரண்டு, இரண்டாம் மாதம் மூன்று. யாரும் வரவில்லை. ஒருவர் படம் வந்த மறுநாள் இறந்துபோனார். ஒவ்வொரு நாள் காலையிலும் முந்நூறு போனை எடுத்து, சத்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டு வைப்பார். விளம்பரப் பிரிவில் அவருடைய பழைய நாற்காலியைத் துடைத்து வைத்திருப்பதாக எவனோ கிண்டல் செய்தான். அவனுக்கு நான் நன்றாகக் கொடுத்தேன்.

மூன்று மாதம் முடியப் பதினோரு நாள் இருந்தது. சனிக்கிழமை, மணி பன்னிரண்டு பத்து. செருப்புக்கடைக்காரரிடமிருந்து ஒரு படம் வந்தது. பஸ் படிக்கட்டிலிருந்து விழுந்த ஒருவர், ஐம்பது வயதுக்குள் இருக்கும், கண் விழித்திருக்கிறார், பேச்சு இல்லை. படத்தில் வார்டு முழுக்க இருந்தது, ஆறு கட்டில், ஒரு ஃபேன், ஜன்னல். அளவு சின்னதிலும் சின்னது. நாலாவது கட்டிலில் அந்த ஆள். முகத்துக்கு இருபது புள்ளி.

முந்நூறு போன் போட்டார். “இன்னொரு தடவை போய் எடுத்துட்டு வாங்க.”

“பார்வையாளர் நேரம் முடிஞ்சுபோச்சு மேடம். கடையிலயும் ஆள் இல்லை.”

“ஷட்டரை இறக்குங்க.”

“அட, நாளைக்குப் பார்த்துக்கலாமே?”

“நாளைக்கு ஞாயிறு, நமக்குப் பேப்பர் இல்லை. திங்கள் வரைக்கும் அவரு தாங்குவாருன்னு நீங்க எழுதிக் கொடுப்பீங்களா? கேமராவுல அளவைப் பெரிசாக்குங்க. கையை நீட்டுனா அவரு தோள்ல படணும். ஒரு மணிக்கு நான் திரும்பக் கூப்பிடுவேன்.” குரலை உயர்த்தவே இல்லை. அந்தப் பக்கம் ஷட்டர் இறங்குகிற சத்தம் கேட்டது என்று பிறகு சொன்னார்.

ஒரு மணிக்குப் படம் வரவில்லை. ஒன்று இருபதுக்கு முதலாளி வந்தார். ஐந்தாம் பக்கத்தில் நாலு சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு வெள்ளை ஓட்டை.

“வந்த படத்தைப் போட்டு முடியேம்மா.”

“அதைப் போட்டாலும் ஒண்ணுதான், போடாட்டாலும் ஒண்ணுதான் சார்.”

“அப்போ மெத்தை விளம்பரத்தைப் போடு. தயாரா இருக்கு.”

“இன்னும் பதினோரு நாள் அந்த இடம் என்னுது சார். நீங்க கொடுத்த வார்த்தை.” எழுந்து நின்றுதான் சொன்னார், ஆனால் நகரவில்லை. முதலாளி என்னைப் பார்த்தார். நான், கம்ப்யூட்டர் நின்றுவிட்டது, பத்து நிமிஷம் ஆகும் என்று பச்சையாகப் பொய் சொன்னேன். ஃபோர்மேன் கீழேயிருந்து கத்திக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும், மிஷினுக்கும் எண்ணெய் போட வேண்டியிருக்கிறது, மெதுவாக வரட்டும் என்றார்.

செருப்புக்கடைக்காரர் பிரவுசிங் சென்டரிலிருந்து போனில் சதவீதத்தை வாசித்தார். அறுபது, எழுபது, எழுபத்தெட்டு. இணைப்பு அறுந்தது. மறுபடி முதலிலிருந்து. அவருடைய மூச்சிரைப்பு ரிசீவரைத் தாண்டி எனக்கே கேட்டது. “வந்துடும் மேடம், வந்துடும்” என்று இப்போது அவர்தான் இவருக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்று ஐம்பதுக்குப் படம் வந்து சேர்ந்தது. நரைத்த தாடி, களைத்த கண், இடது காது மடலின் மேல்பக்கம் சின்னதாக ஒரு பிளவு. முகத்துக்கு மட்டும் ஆயிரத்துக்குமேல் புள்ளி. முந்நூறு அந்தக் காது வெட்டுப்படாமல் பார்த்து வெட்டிக் கொடுத்தார். நான் வைத்தேன். பக்கம் இறங்கியது.

திங்கட்கிழமை காலை பத்தரைக்கு அவர் மேஜை போன் அடித்தது. அவர் முதலாளி அறையில், தாமதத்துக்காகத் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். நான் எடுத்தேன். ஒரு பெண் குரல்.

“சனிக்கிழமை பேப்பர்ல ஒரு படம்... கடையில சாமான் மடிச்சுக் கொடுத்தாங்க, இப்பத்தான் பார்த்தேன். இடது காது கிழிஞ்சிருக்கே, அது சின்ன வயசுல வேலிக் கம்பி கிழிச்சதுங்க. எங்க அண்ணன்தான். ரெண்டு மாசமாத் தேடுறோம்.”

ரிசீவரைப் பிடித்தபடியே ‘அக்கா’ என்று கத்தினேன். அவர் ஓடி வந்தார், பின்னாலேயே முதலாளி. ரிசீவரை வாங்கிக் கேட்டார். ஒரு முறை கண்ணை மூடித் திறந்தார்.

“அப்படியே இரும்மா. வெச்சிடாதே.”

அந்த ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, என் மேஜை போனை இழுத்து ஆஸ்பத்திரி எண்ணைச் சுழற்றினார். அவசரத்தில் இரண்டு தடவை எண் தப்பியது. சனிக்கிழமைக்கும் திங்கட்கிழமைக்கும் நடுவில் என்ன வேண்டுமானாலும் நடந்திருக்கலாம் என்று அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். முதலாளி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வார்டு நர்ஸ் கிடைத்தார். நாலாவது கட்டில் என்று இவர் சொன்னார். பார்த்துவிட்டு வருகிறேன் என்று நர்ஸ் போனார். நான் என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான ஒரு நிமிஷத்தைப் பார்த்ததில்லை.

நர்ஸ் திரும்ப வந்து சொன்னதைக் கேட்டுவிட்டு அந்தப் போனை வைத்தார். தோளிலிருந்த ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“இருக்காரும்மா” என்றார். பிறகு அழுதுகொண்டே, ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கிற மாதிரி சொன்னார்: “உங்க அண்ணன் இருக்கார். காலையில கஞ்சி குடிச்சிருக்கார். இப்பவே கிளம்புங்க. அந்தப் பேப்பரைக் கையில எடுத்துட்டுப் போங்க, வாசல்ல காட்டுனா உள்ள விடுவாங்க.”